நாலாம் கவுன்ட்டருக்கு லீவு

எங்கள் நகராட்சியின் ஐந்தாண்டுத் தொழில்நுட்ப வியூகத் திட்டம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் என் பங்கு ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை எழுதிய கையை ஒடித்து அடுப்பில் வைத்தால் என்ன என்று பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். "உங்களுக்கு எழுத வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். கிடைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில். நகராட்சியில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எழுதக் கூடாது என்கிற பாலபாடம்கூடத் தெரியாமல் பத்தொன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் வரிசையாக ஏழு கவுன்ட்டர். நான் ஐந்தாவதில், கடை உரிமம். எனக்கு இடப்பக்கம் நாலாவது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் அக்கா. இருபத்தெட்டு வருடமாக அதே இடம். அவருக்கு அடியில் நாற்காலி நாலு முறை மாறியிருக்கிறது, மேலே அக்கா மாறவில்லை.

எங்களிடம் கணினி இல்லாமல் இல்லை. தண்ணீருக்கு ஒரு மென்பொருள், வீட்டு வரிக்கு ஒன்று, பிறப்பு இறப்புக்கு ஒன்று. மூன்றையும் மூன்று ஆணையர்கள் மூன்று காலத்தில் வாங்கினார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கு நடுவில் வீட்டு எண்களை வேறு இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். தண்ணீருக்குப் பழைய எண், வரிக்குப் புது எண், பிறப்பு இறப்புக்குப் புதுசிலும் புது எண். ஆக, ஒருவர் வந்து "எங்க வீட்ல தண்ணி வரல" என்றால் அது எந்த வீடு என்று மூன்று கணினியும் சேர்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உடனே மற்ற ஆறு கவுன்ட்டரிலிருந்தும் ஒரே குரல்தான் எழும்: "அக்கா!"

"ரெண்டாவது குறுக்குத் தெருவா? பழைய பதினாலு, புது முப்பத்தேழு, இப்ப நூத்திரெண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுக்கிட்டு நடுவுல சுவர் எழுப்பினாங்கல்ல, அதுல தம்பி வீடு. குழாய் அண்ணன் பக்கம் போயிடுச்சு. அப்புறம் எங்கிருந்து தண்ணி வரும்?" என்பார் அக்கா. சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்தமாட்டார்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கயிறு கோத்த ஓர் அட்டை உண்டு. 'சர்வர் டவுன்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒருநாள்கூடப் பழுதாகாத ஒரே தொழில்நுட்பச் சாதனம் அதுதான். அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொன்னால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். கையெழுத்துப் போடுகிறவர் லீவு என்றால் அவர் வீட்டு விலாசத்தைக் கேட்பார்கள். ஆனால் இந்த அட்டையை மாட்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் பெருமூச்சு விட்டு, "எப்ப சரியாகும்?" என்பார். "சொல்ல முடியாதுங்க, நாளைக்கு வந்து பாருங்க" என்போம். போய்விடுவார். என் அட்டை மாட்டி மாட்டி மூலை மடங்கிப் போயிற்று. அக்காவுடைய அட்டை மட்டும் கொடுத்த நாளிலிருந்து மேசை இழுப்பறைக்குள், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல் கிடந்தது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் திட்டம் வந்தது. திட்டத்தோடு ஓர் ஆலோசகரும் வந்தார். அவர் எதைப் பற்றிப் பேசினாலும் பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து ஓர் அம்புக்குறியை இழுத்து, இன்னொரு வட்டத்தில் கொண்டுபோய்ச் சொருகுவார். இரண்டாம் நாளே நாங்கள் அவருக்கு அம்புக்குறி என்று பெயர் வைத்துவிட்டோம். நல்ல மனிதர். டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

தொடக்கக் கூட்டத்தில் ஆணையர் பேசினார். "நம்ம நகராட்சி இன்னைக்கு எங்க இருக்குன்னு நம்மள்ல யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. ஆனா அஞ்சு வருஷத்துல அங்க இருந்து நகர்ந்திருக்கணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். எங்க போகணும்னு சார் கண்டுபிடிச்சுச் சொல்வார். போய்ச் சேர்ந்தப்புறம் அதுதான் நாம நெனச்ச இடம்னு நான் அறிவிப்பேன். இதுக்குப் பேர்தான் வியூகம்." நாங்கள் கைதட்டினோம். கைதட்டல் முடிந்ததும் பிஸ்கட் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

திட்டத்துக்கு ஒரு முழக்கம் வேண்டுமென்று மூன்று வாரம் கூடினோம். 'நாளைய நகரம், இன்றே' என்று அம்புக்குறி எழுதினார். வரிப் பிரிவு மேலாளர் பதறிவிட்டார். "இன்றேன்னு போட்டா இன்னைக்கே வந்து கேப்பாங்க சார்" என்றார். எல்லாரும் யோசித்து, கடைசியில் 'நாளைய நகரம், நாளையே' என்று ஒருமனதாக நிறைவேற்றினோம். வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றுவரை யாராலும் அதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு கேள்வித்தாள் வந்தது. நாற்பத்தாறு கேள்வி. பதினேழாவது கேள்வி இது: 'உங்கள் அன்றாடப் பணிக்கு வேண்டிய தகவலை எந்த அமைப்பிலிருந்து பெறுகிறீர்கள்?' பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். தண்ணீர் மென்பொருள் என்று எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. 'அக்கா' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் ஒருவன்தான் இப்படி அசடாக எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். பதினோரு பிரிவும் அதையேதான் எழுதியிருந்தது.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. முப்பத்தோராம் பக்கத்தை அம்புக்குறி திரையில் போட்டபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அமைப்பின் பெயர்: நாலாம் கவுன்ட்டர். நிறுவப்பட்டு ஆன காலம்: இருபத்தெட்டு ஆண்டு. பதில் தரும் வேகம்: நான்கு விநாடி, சாப்பாட்டுக்குப் பின் ஆறு. பழுது: இதுவரை இல்லை. பேக்கப்: இல்லை. தயாரிப்பாளர்: விவரம் கிடைக்கவில்லை.

"கிடைக்கலையா? என்னைக் கேட்டிருந்தா எங்கப்பா அம்மா பேரைச் சொல்லியிருப்பேனே" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு, "அது சரி தம்பி, நான் என்ன மெஷினா?" என்று அம்புக்குறியைக் கேட்டார்.

"மேடம், நீங்க மனுஷின்னு எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். நேத்துகூட நீங்க குடுத்த டீயைக் குடிச்சேன்" என்றார் அம்புக்குறி, உண்மையான வருத்தத்தோடு. "ஆனா திட்டத்தோட படிவத்துல அமைப்புகளுக்குத்தான் கட்டம் இருக்கு. மனுஷங்களுக்குக் கட்டம் இல்ல. கட்டம் இல்லாததைத் திட்டத்துல சேர்க்க முடியாது. உங்களைச் சேர்க்காம விட்டா, இந்த நகராட்சி எப்படி நடக்குதுன்னு என்னால விளக்கவே முடியல."

"சந்தோஷப்படுங்கம்மா" என்றார் ஆணையர். "இந்த அறிக்கையில என் பேரு ரெண்டு இடத்துலதான் வருது. உங்களுது நாப்பத்தாறு இடத்துல வருது. நான் எண்ணிப் பார்த்துட்டேன்."

மறுநாள் சொத்துப் பிரிவிலிருந்து ஒருவர் ஸ்டிக்கரோடு வந்தார். த.சே. 0001, அதாவது தகவல் சேவையகம் எண் ஒன்று. அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் அக்காவின் நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு அக்காவின் பார்வையைப் பார்த்தார். மேசையில் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல் ஒட்டிவிட்டு ஓடிப்போனார். சொத்தின் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஆணையரே கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அக்கா அதற்கு முன்பே ஒரு லீவு விண்ணப்பம் கொடுத்திருந்தார். ஒரே மகள். ஆறு மணி நேர பஸ் பயணத்தில் இன்னொரு ஊரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். மருமகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருக்கிறார், இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவார். மாமியார் இல்லை. டாக்டர் பதினெட்டாம் தேதி என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டாம் தேதியிலிருந்து பதினைந்து நாள் வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். அவர் கணக்கில் இருநூற்றுப் பதினாலு நாள் லீவு சேர்ந்து கிடந்தது. ஒருநாள்கூட வாய்விட்டுக் கேட்டவர் இல்லை.

விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு: 'மேற்படி இனம் பணியாளர் பதிவேட்டிலிருந்து சொத்துப் பதிவேட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டபடியால் விடுப்பு விதிகள் பொருந்தா. திட்டமிட்ட நிறுத்தம் கோரி மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவை அணுகலாம்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். "தம்பி, இதுல லீவு உண்டுன்னு போட்டிருக்கா, இல்லைன்னு போட்டிருக்கா?" என்று என்னிடம் கேட்டார். நானும் படித்துப் பார்த்தேன். லீவு என்கிற சமாசாரமே உலகத்தில் இல்லை என்பதுபோல எழுதியிருந்தது.

இருவருமாக ஆணையரிடம் போனோம். மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு என்பது யார் என்று கேட்டோம். தானும் அம்புக்குறியும்தான் என்றார். அப்படியானால் இப்போதே முடிவு செய்யலாமே என்றேன். "நாங்க ரெண்டு பேரும் இப்ப பக்கத்துலதான் உக்காந்திருக்கோம். ஆனா கூடல. கூடுறது பத்தாம் தேதி" என்றார் ஆணையர். அதற்குள் நாலாம் கவுன்ட்டர் நான்கு சோதனைகளில் தேற வேண்டும் என்றார் அம்புக்குறி. தேறிவிட்டால் போய்விடலாம் என்று அக்கா தெம்பாகத்தான் திரும்பி வந்தார். பாவம், படிக்கிற காலத்தில் எல்லாத் தேர்விலும் முதல் மதிப்பெண் வாங்கியவர்.

முதல் சோதனை வெப்பநிலை. முக்கியமான அமைப்பு எதுவும் பதினெட்டு டிகிரியில்தான் இருக்க வேண்டுமாம். மேல்மாடி சர்வர் அறையிலிருந்த ஏசியைக் கழற்றி வந்து அக்காவின் தலைக்கு நேர் மேலே மாட்டினார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அக்கா ஸ்வெட்டரும் காதை மூடிய துண்டுமாக உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் தும்மல் ஆரம்பித்தது. கணினிப் பிரிவிலிருந்து வந்தவர் ஏட்டில், 'அசாதாரண ஒலி, மூன்று முறை' என்று குறித்துக்கொண்டு போனார்.

இரண்டாவது, பாதுகாப்பு. அக்காவிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் இனிமேல் முதலில் பாஸ்வேர்ட் சொல்ல வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, நடுவில் ஓர் எண்ணும் ஒரு குறியும் வேண்டும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் அரை மணி நேரம் அக்கா அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது.

இதில் மாட்டிக்கொண்டவர் பேக்கரிக்காரர். புதிதாகத் திறந்த பேக்கரிக்குத் தண்ணீர் இணைப்புக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். வீட்டு எண் குழப்பத்தில் விண்ணப்பம் நின்றுபோயிருந்தது. வந்து கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "பிஸ்கட் ஏழு ஆச்சரியக்குறி" என்றார். அக்கா உதட்டைப் பிதுக்கினார். "பிஸ்கட் எட்டு ஆச்சரியக்குறி." இல்லை. "கேக் ஏழு..." முடிந்தது. அக்காவுக்குப் பதில் தெரியும். அவருக்குக் கேள்வி தெரியும். இரண்டு பேரும் அரை மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு மாற்று வழி இருக்கிறது என்று நான் அவரைக் கூப்பிட்டு உதவி செய்யப் பார்த்தேன். ஒரு ரகசியக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் போதும். தாளைத் திருப்பிப் பார்த்தேன். 'உங்கள் கட்டடத்தின் பழைய எண் என்ன?' என்றிருந்தது.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான்யா நான் அக்காகிட்ட வர்றதே!" என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

மூன்றாவது, சுமைச் சோதனை. ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும் என்றார் அம்புக்குறி. அறுபது பேரைக் கூட்டி வந்து நாலாம் கவுன்ட்டர் முன்னால் நிறுத்தி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, எல்லாரும் சேர்ந்து கேளுங்கள் என்றார். கட்டடமே அதிர்ந்தது. அக்கா அசரவில்லை. அத்தனை கூச்சலிலும் நாற்பத்தொரு பேருக்குப் பதில் சொல்லிவிட்டார். பாக்கிப் பேர் அடுத்தவருக்கான பதிலை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்த ஒருவர், சாக்கடை அடைப்பு வியாழக்கிழமை எடுக்கப்படும் என்று தெரிந்துகொண்டு திருப்தியாகவே போனார்.

எல்லாவற்றிலும் தேறியாயிற்று, இனி ஒன்றுதான் பாக்கி என்று அக்கா என்னிடம் சொன்னபோது குரல் கட்டிப்போயிருந்தது. நாலாவது, பேக்கப். அக்காவுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து எதிரில் உட்கார்ந்து, "தெரிஞ்சதை எல்லாம் சொல்லுங்க மேடம்" என்றார்கள்.

"எல்லாம்னா? எங்கிருந்து?"

"முதல்ல இருந்து."

அக்கா முதல் தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். வீட்டு எண் சொன்னால் அது ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்த வீட்டு மாமனாருக்கும் மருமகனுக்கும் நடந்த தகராறைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆறாவது வீட்டில் நின்றார். மறுநாள் ஐந்தாவது வீட்டுக்கே திரும்பிப் போனார், ஏனென்றால் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பதினோராவது வீட்டில் கொடுத்திருக்கிறது. பதிவு செய்ய வந்தவர்களில் ஒருவர் தன் பெரியப்பா வீட்டைப் பற்றி அவருக்கே தெரியாத ஒரு சேதியைத் தெரிந்துகொண்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிப் போனார். அவருக்கு லீவு உடனே கிடைத்தது. பேக்கப் முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று அம்புக்குறி கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோரு வருடம் என்று வந்தது. திட்டமே ஐந்து வருடம்தான்.

பத்தாம் தேதி குழு கூடியது. அக்காவையும் பயனாளர் தரப்பில் என்னையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். ஆணையர் கைகளைக் கோத்துக்கொண்டு கனிவாகப் பேசினார்.

"அம்மா, உங்க நிறுத்தத்துக்கு அனுமதி குடுத்தாச்சு. மூணாவது வருஷம், ரெண்டாவது காலாண்டு."

"சார், டெலிவரி வர்ற பதினெட்டாம் தேதி. நீங்க சொல்ற காலத்துல பிள்ளை ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சிடும்."

"புரியுதும்மா. நீங்க இல்லாம ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாமான்னு நான் தலையைப் பிச்சுக்கிட்டேன். முடியாது. உங்க மேல இருக்கிற மரியாதையாலதான் உங்களை விட முடியல. என்னையே எடுத்துக்குங்க. போன வருஷம் நாப்பது நாள் வெளிநாட்டுல பயிற்சிக்குப் போயிருந்தேன். இங்க ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியல. நான் திரும்பி வந்தப்ப வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும்னு கேட்டான். நான் அவ்வளவு சுலபமா போகலாம். உங்களால முடியுமா?"

அம்புக்குறி தன் பங்குக்கு, "பிறக்கப்போற குழந்தையையும் எதிர்காலப் பயனாளர் எண்ணிக்கையில சேர்த்துட்டேன் மேடம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அக்கா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். சாப்பாட்டு அறைக்கு வந்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அழுதார். பத்தொன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "சொல்லாம கொள்ளாம போயிடலாம் தம்பி. ஆனா அனுமதியில்லாம போனா சர்வீஸ் முறிஞ்சிடும்பாங்க. பென்ஷனுக்கு இன்னும் ரெண்டே வருஷம். அவர் போனப்புறம் அந்தப் பென்ஷனை நம்பித்தானே இருக்கேன்" என்றார். அவர் என்றது அக்காவின் கணவரை. பதினேழாம் கேள்வியில் 'தண்ணீர் மென்பொருள்' என்று ஒரு சின்னப் பொய் எழுதியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

பன்னிரண்டாம் தேதி வந்தது. அக்கா பஸ்ஸில் இருக்க வேண்டிய நேரத்தில் ஏசிக்கு அடியில் தும்மிக்கொண்டிருந்தார். பதினாலாம் தேதி காலை பதினொரு மணி. நாலாம் கவுன்ட்டர் வரிசையில் இருபத்து மூன்று பேர். முதல் ஆள் பேக்கரிக்காரர், கையில் பாஸ்வேர்டை எழுதிய சீட்டோடு. அப்போது அக்காவின் போன் அடித்தது. மகள். சத்தம் என் கவுன்ட்டர் வரை கேட்டது.

"அம்மா, வலி வந்துடுச்சும்மா. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான்டி கண்ணு."

"இன்னுமா ஆபீஸ்ல இருக்க? எப்பம்மா வருவ? எனக்குப் பயமா இருக்கும்மா."

அக்கா வாயைத் திறந்தார். எந்தக் கேள்விக்கும் நாலு விநாடியில் பதில் சொல்கிறவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"கிளம்புங்கக்கா" என்றேன்.

"சர்வீஸ் போயிடும் தம்பி."

"சர்வீஸ் முறியறது பணியாளருக்கு. நீங்கதான் பணியாளர் பதிவேட்டுலயே இல்லையே! பச்சை மையில எழுதிக் குடுத்திருக்காங்கல்ல?" எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "நம்ம ஆபீஸ்ல ஆள் வரலைன்னா மெமோ குடுப்பாங்க. சிஸ்டம் வேலை செய்யலைன்னா யாராவது யாரையாவது என்னைக்காவது கேட்டிருக்காங்களா?"

அக்கா கண்ணாடிக் கூட்டைக் கையில் எடுத்து ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு, "அம்மா வந்துக்கிட்டே இருக்கேன்டி. மூச்சை நல்லா இழுத்து விடு. தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். இழுப்பறையைத் திறந்தார். அடியில் கிடந்த அட்டையை எடுத்து, அதன் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையிலிருந்து பிடித்து மெதுவாக உரித்தார். அத்தனை பேர் நிற்கும் வரிசையில் அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. அட்டையைக் கம்பியில் மாட்டினார். எழுத்து புதுக்கருக்கு மாறாமல் சிவப்பாக இருந்தது.

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கைப்பையோடு வெளியே வந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள், எதிரில் நின்ற அக்காவைப் பார்த்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"டவுனாம்மா?" என்றார் பேக்கரிக்காரர்.

"டவுன்ப்பா."

"எப்ப சரியாகும்?"

நாங்கள் எல்லாரும் ஆயிரம் தடவை சொன்ன பதில் அக்காவுக்கு வாயில் வரவில்லை. "பதினஞ்சு நாள் ஆகும்ப்பா. இருபத்தொம்பதாம் தேதி வந்து பாருங்க" என்றார்.

"அட, தேதியெல்லாம் சொல்ற சர்வரை இப்பத்தான்மா பார்க்கிறேன்" என்று பேக்கரிக்காரர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். அக்கா பஸ் நிலையத்துக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓட முடியும் என்று அறிக்கையில் எங்கும் எழுதவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆணையர் இறங்கி வந்தார். பின்னாலேயே அம்புக்குறி. அட்டையின் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள்.

"சிஸ்டம் டவுன் ஆனா என்ன செய்யணும்னு திட்டத்துல இருக்குமே?" என்றார் ஆணையர்.

அம்புக்குறி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார். நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'பழுது ஏற்படின் உரிய அட்டை மாட்டப்படும்.'

"மாட்டியிருக்கு சார்" என்றேன்.

"அப்ப நடைமுறைப்படிதான் நடந்திருக்கு" என்றார் அம்புக்குறி.

மெமோ கொடுக்கலாம் என்று ஆணையர் பணியாளர் பிரிவைக் கேட்டார். அப்படி ஒரு பணியாளர் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று அவர்கள் எழுதி அனுப்பினார்கள். சொத்துப் பிரிவைக் கேட்டார். சொத்து இருந்த இடத்தில் இல்லையென்றால் அதன் பொறுப்பாளர்தான் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று விதியைச் சுட்டிக்காட்டி, பொறுப்பாளரின் கையெழுத்து நகலையும் இணைத்து அனுப்பினார்கள். ஆணையர் தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மெமோ பேச்சு எழவில்லை.

மூன்றாம் நாள் அவராலேயே தாங்க முடியவில்லை. அவர் வீட்டுக்கே தண்ணீர் வரவில்லை, எந்த எண்ணில் புகார் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. கீழே வந்து, என் போனிலிருந்து அக்காவைக் கூப்பிடச் சொல்லி, வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் ஒரு சின்ன உயிர் வீறிட்டுக் கத்துவது எனக்கே கேட்டது.

"என்னம்மா அது சத்தம்?"

"அசாதாரண ஒலி சார்" என்றார் அக்கா.

"சரிம்மா... எப்ப சரியாகும்?"

குழந்தையை யாரோ வாங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக, எங்கள் எல்லாருடைய குரலிலும் சொன்னார்: "சொல்ல முடியாதுங்க சார். நாளைக்கு போன் பண்ணிப் பாருங்க."

ஆணையர் பெருமூச்சு விட்டார். "சரிம்மா" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். கோபம்கூடப் படவில்லை. எத்தனையோ வருடமாக எங்கள் வரிசையில் நின்று திரும்பிப் போன ஜனங்கள் எப்படிப் போவார்களோ, அப்படியே போனார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு அக்கா வந்தார். ஏசியை நிறுத்தச் சொன்னார். அட்டையைக் கழற்றித் துடைத்து இழுப்பறையில் வைத்தார், இந்த முறை மேலாகவே, கைக்கு எட்டுகிற மாதிரி. வரிசையில் முதல் ஆளாக நின்ற பேக்கரிக்காரர் பாஸ்வேர்ட் சீட்டை வெளியே எடுத்தார். அக்கா அதை வாங்கிக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"ஆயிடுச்சுப்பா" என்றார் அக்கா. "பொண்ணு. மூணு கிலோ."